தன் நோவு சொல்லாத வண்டி

சீவலாங்குளத்தில் ஆறுமுகநயினாரின் கார் மனுசருடைய நோவுகளைச் சொல்லத் தொடங்கியது, சந்தைக்கு வந்த வெள்ளரிப்பிஞ்சு பத்து மணிக்கே வாடிப்போன ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு ஊரில் வேறு அதிசயம் எதுவும் நடக்கவில்லை, மேலத்தெருவில் ஓர் ஆடு மூன்று குட்டி போட்டது, தபால்காரர் தாமதமாக வந்தார், அவ்வளவுதான்.

நயினார் இருபத்திரண்டு வருசம் நூல் மில் முதலாளிக்குக் கார் ஓட்டியவர். முதலாளி இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய பிள்ளைகள் இருவரும் நயினாரைக் கூப்பிட்டு, இந்த வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சாவியைக் கையில் கொடுத்தார்கள். பிரியத்தில் கொடுத்தார்களா, பதினாறு வயசான வண்டியைக் கேட்டு ஆள் வராததால் கொடுத்தார்களா என்பதை அவர் யோசிக்கப் போகவில்லை. அது கடல் தாண்டி வந்த கம்பெனியின் கார், சாம்பல் நிறம், உள்ளே தோல் இருக்கை. அந்தக் கம்பெனியின் கார்களிலேயே சின்னது, பெரிய பணக்காரர்கள் திரும்பிப் பார்க்காதது, அப்போதுதான் பணக்காரர் ஆகிக்கொண்டிருந்தவர்கள் ஆசைப்பட்டு வாங்கியது. சொந்த வீட்டு வாசலில் அதைக் கொண்டுவந்து நிறுத்திய நாளிலிருந்து நயினாருக்கு நிம்மதி போயிற்று. முதலாளியின் வண்டியாக இருந்தவரை ஒரு சத்தம் கேட்டால் அது முதலாளியின் கவலை. இப்போது ஒவ்வொரு சத்தமும் அவர் வயிற்றுக்குள் கேட்டது. ஒரு ரப்பர் குழாய் விட்டுப்போனால் சென்னையில் பழைய வண்டி உடைக்கிற இடத்திலிருந்து பஸ் பார்சலில் வரவேண்டும், வருகிற குழாயும் இன்னொரு வண்டியில் பாதி ஆயுசைக் கழித்ததாக இருக்கும். அவர் தன் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை தினமும் சாயங்காலம் காருக்கு அடியில் விரித்துவைப்பார். காலையில் அதை இழுத்து, ஜாதகம் பார்க்கிறவர் மாதிரி கறைகளைப் படிப்பார். கறுப்பு விழுந்திருந்தால் எஞ்சின் ஆயில், சிவப்பு என்றால் ஸ்டியரிங் ஆயில், பச்சை என்றால் எஞ்சினைக் குளிரவைக்கிற தண்ணீர். ஒன்றும் விழாத நாளில், விழ வேண்டியது எங்கே போயிற்று என்று பயப்படுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் சாவியைத் திருப்பியபோது மீட்டர் போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்து அணையாமல் நின்றது. உடனே பைபாஸ் ரோட்டில் இருக்கிற மைதீன் பிச்சையின் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போனார். அந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட வண்டியைப் பயப்படாமல் திறக்கிற ஒரே ஆள் மைதீன் பிச்சை. ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணாச்சி, வண்டில ஒரு கோளாறும் இல்லங்குது மிசினு."

"பின்ன என்னத்துக்கு எரியுது?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

பெட்ரோல் மூடியை மாற்றினார், பிளக்கை மாற்றினார், புகைக்குழாய் சென்சாரைக் கழற்றித் துடைத்து மாட்டினார், பேட்டரி ஒயரை ஒரு ராப்பகல் கழற்றிவைத்து மறுபடி பூட்டினார். மூன்று நாள் ஆயிற்று. நயினார் டிரைவர் சீட்டில் வேறொருவரை உட்காரவிடுகிறவர் இல்லை என்பதால்தான் மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் அவர் டீ குடிக்கப் போன சமயத்தில் மைதீன் பிச்சை தானே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். மஞ்சள் விளக்கு அணைந்து, பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. இறங்கினார், நயினாரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார், மஞ்சள் எரிந்தது. அவர் இறங்கி இவர் ஏறினார், சிவப்பு எரிந்தது. இப்படி ஆறு தரம் ஏறி இறங்கிய பிறகு மைதீன் பிச்சை கையைத் துடைத்துக்கொண்டு, பஞ்சர் எங்கே என்று கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார்:

"அண்ணாச்சி, இது வண்டியச் சொல்லல. நம்மளச் சொல்லுது. நான் தூங்கி மூணு வருசம் ஆச்சு. படுத்தா ரெண்டு மணி நேரம், அதோட சரி. சார்ஜு ஏறாத பேட்டரி, சரியாத்தான் சொல்லியிருக்கு."

"அப்ப எனக்கு எரியுதது?"

மைதீன் பிச்சை ஸ்கேனரின் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

ஊர் இதை நம்பியது எஸ்தர் டீச்சரால். நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை எஸ்தர் டீச்சர், யாரோ சொன்ன கதையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்து, குடையை மடக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு சீட்டில் உட்கார்ந்தார். எண்ணெய்க் கிண்டி மாதிரிப் படம் போட்ட விளக்கு செக்கச்செவேல் என்று எரிந்தது. "எங்கயோ உள்ள கசியுது டீச்சர். இந்த லைட்டு எரிஞ்சா வண்டிய ஒரு அடி நகத்தக் கூடாது" என்று மைதீன் பிச்சை சொன்ன குரலில் சிரிப்பு நின்றுபோய், அவரை அன்றைக்கே டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்து கசிந்து உடம்பில் பாதி ரத்தம்தான் மிச்சம் இருந்தது, இன்னும் பத்து நாள் போயிருந்தால் கரும்பலகை முன்னாலேயே விழுந்திருப்பார் என்றார்கள்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் நம்பவைக்க வேண்டியிருக்கவில்லை. பழைய ரேஷன் கடை முன்னால் பந்தல் போட்டார்கள், நயினார் தினமும் காலையில் வீட்டிலிருந்து வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்; காலை ஒன்பது மணி முதல் பதினொன்று வரை பெண்கள், பதினொன்று முதல் ஒரு மணி வரை ஆண்கள் என்று வியாபாரிகள் சங்கத் தலைவர் பூலோகப்பாண்டி ஒழுங்கு பண்ணினார். டயர் விளக்கு எரிந்தால் மூட்டு, பிரேக் விளக்கு எரிந்தால் ரத்தக் கொதிப்பு, ஹெட்லைட்டின் நீல விளக்கு என்றால் கண், வெப்பம் காட்டுகிற முள் ஏறினால் உள்காய்ச்சல் என்று ஊர் தானாகவே படித்துக்கொண்டது. கீரை விற்கிற ஒருத்தி உட்கார்ந்தபோது பெட்ரோல் தீர்ந்த விளக்கு எரிய, வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, "காலையில சாப்பிடலியா தாயி?" என்று கேட்டார்கள், அவள் தலையைக் குனிந்துகொண்டாள், யாரோ ஓடிப்போய் நாலு இட்லி வாங்கி வந்தார்கள், அவள் அந்த சீட்டிலேயே இருந்து சாப்பிட்டு முடிக்க விளக்கு அணைந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா முதலில் கோபப்பட்டார், பிறகு சும்மா இருந்தார், பிறகு சீட்டு எழுதும்போதே "நயினார் வண்டில என்ன எரிஞ்சுது?" என்று கேட்கத் தொடங்கினார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை பஜ்ஜி சொஜ்ஜிக்கு முன்னால் பந்தலுக்குக் கூட்டிவந்தார்கள். கோபக்காரனை "அவனுக்கு ரேடியேட்டர் சின்னது" என்றார்கள். மறதிக்காரனுக்கும் பொய் சொல்லுகிறவனுக்கும் மட்டும் வண்டியில் விளக்கு இல்லையே என்று வருத்தப்பட்டார்கள்.

நயினாருக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரே மஞ்சள் விளக்கு. டவுனுக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்தார், வயிற்றைப் படம் எடுத்தார், ரத்தம் கொடுத்தார், ஓடுகிற பட்டையில் ஓடினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தாள் தாளாக எழுதிக் கொடுத்தார்கள். தாள் சேரச் சேர அவருக்குப் பயம் கூடியது. கடைசியில் அவர் மனைவி பிரமுதான், அங்கன்வாடிக்குக் கொண்டுபோகிற சத்துமாவைச் சலித்துக்கொண்டே சொன்னாள்:

"இது தெரியாமலா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையுதீங்க? இருபத்திரண்டு வருசமா முதலாளி பின்னாடி இருந்துக்கிட்டு, 'நயினா, அது என்ன சத்தம்? நயினா, அது என்ன சத்தம்?'னு கேட்டுக்கிட்டே இருந்தார்லா. அவரு போய்ச் சேந்துட்டார். அந்தக் கேள்வி மட்டும் உங்களுக்குள்ள உக்காந்திருக்கு. அதான் எரியுது."

"பயத்துக்குமா லைட்டு எரியும்?"

"பசிக்கு எரியும்போது பயத்துக்கு எரியாதா?"

அவருக்கு அது உண்மை என்று பட்டது, ஆனாலும் பயம் என்பது தெரிந்ததால் குறைகிற சரக்கு இல்லை. அது இப்போது பிரமுவின் பக்கம் திரும்பியது. ஊரே உட்கார்ந்து எழுந்த சீட்டில் அவள் மட்டும் உட்காரவில்லை. இருபது பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிவிட்டு வருகிறவளுக்கு சாயங்காலம் மூச்சு வாங்குவதை அவர் கவனித்தார். எல்லாருக்கும்தான் வாங்கும் என்றாள் அவள். குடத்தை இடுப்பில் வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிசம் நிற்கிறாளே என்று கேட்டார். நிற்கக் கூடாது என்று சட்டமா என்றாள்.

இன்னொரு பயமும் அவருக்கு இருந்தது, அதை மைதீன் பிச்சை மட்டும்தான் புரிந்துகொண்டார். ஊருக்கெல்லாம் நோவு சொல்லுகிற வண்டிக்குத் தன் நோவைச் சொல்ல வழி இல்லாமல் போய்விட்டது. ஆயில் குறைந்தாலும் சொல்லாது, சூடானாலும் சொல்லாது. அதன் முள்ளும் விளக்கும் மற்றவர்களுக்காக ஆகிவிட்டன, ஸ்கேனரைச் சொருகினாலும் கோளாறு இல்லை என்றே சொன்னது. நாலு மணி நேரம் நின்ற இடத்தில் ஓடுகிற எஞ்சின், முன்னால் காற்று வாங்காத ரேடியேட்டர், ஒரு தரம் கருகிப்போய் மாற்றிய விசிறி. நயினார் பந்தலில் பானட்டைத் திறந்துவைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிறவர் மாதிரி குழாய் குழாயாகத் தொட்டுப் பார்த்தபடி நிற்பார்.

"சென்னையில இருந்து வேற மீட்டர் போர்டு வந்திருக்கு அண்ணாச்சி" என்றார் மைதீன் பிச்சை ஒருநாள். "இதக் கழட்டிட்டு அத மாட்டுனா வண்டி பழையபடி தன் கதையச் சொல்லும். ஆனா நம்ம கதையச் சொல்லாது."

இது பூலோகப்பாண்டியின் காதுக்குப் போயிற்று. மறுநாளே சங்கத்துக்காரர்கள் பத்துப் பேர் வீட்டுக்கு வந்து, வண்டியின் மேல் யாரும் கை வைக்கக் கூடாது, வண்டி ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, பாதி வழியில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்றார்கள். "அது இனிமே உங்க வண்டி மட்டும் இல்ல அண்ணாச்சி." மரியாதையாகத்தான் சொன்னார்கள். நயினார் தலையை ஆட்டினார். புதிய போர்டு தினத்தாளில் சுற்றியபடியே ஒர்க்‌ஷாப் அலமாரியில் கிடந்தது.

கார்த்திகை மாதம் ஒரு சந்தை நாளன்று, பிரமு கஞ்சியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தவள், "நான் மாடிப்படி ஏறுததக்கூட எண்ணிக்கிட்டு நிக்கீங்க. இன்னைக்கு வாரேன். உக்காந்துட்டேன்னா விடுவீங்கள்லா?" என்றாள். அவள் மனசு மாறுவதற்குள் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில், இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, நயினார் காருக்கு அடியில் விரித்த வேட்டியைப் பார்க்காமல் கிளம்பினார்.

பந்தலில் பெண்கள் வரிசை விலகி வழி விட்டது. பிரமு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். ஒரு விளக்கு இல்லை, எல்லா விளக்கும் எரிந்தன. எரிந்து அணைந்து எரிந்தன. இரண்டு தரம் சிமிட்டி, ஒன்றை விட்டு, மூன்று தரம் அவசரமாகச் சிமிட்டி, நெடுநேரம் நின்று, மறுபடி ஒன்று. வரிசையில் நின்றவர்கள் வாயில் கை வைத்தார்கள். அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை, அதற்கு என்ன அர்த்தம் என்று ஊர் இன்னும் படித்திருக்கவில்லை. நயினார் படித்திருந்தார். ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடிக்கிற எஞ்சினை அவர் முதுகால் உணர்ந்திருக்கிறார்.

"நகந்து உக்காரு பிரமு" என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

பூலோகப்பாண்டி ஓடி வந்து வண்டியின் முன்னால் நின்றார். "அண்ணாச்சி, ஊருக் கட்டுப்பாடு... நான் வேற வண்டி சொல்லுதேன், அரைமணி நேரத்துல..."

"பாண்டி, நவுரும்."

பூலோகப்பாண்டி அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

டவுன் நாற்பது கிலோமீட்டர். நயினார் எதிரே ஒரே மஞ்சள் விளக்கு எரிய, ஒரு கையால் ஸ்டியரிங்கையும் ஒரு கையால் பிரமுவின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு ஓட்டினார்; கியர் மாற்றுகிற போதெல்லாம் அவள் கையை விட்டு, மாற்றியதும் திரும்பப் பிடித்தார். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள், வயலில் நாற்று நட்டிருந்தார்கள், அதைப் பற்றி ஏதோ சொன்னாள், அவர் காதில் விழவில்லை. முப்பதாவது கிலோமீட்டரில் அவள் மூக்கைச் சுளித்தாள்.

"இங்க பாருங்க, எங்கயோ வெல்லப்பாகு காயுத வாசம் வருது."

எஞ்சினின் பச்சைத் தண்ணீர் சூட்டில் காய்ந்தால் வருகிற வாசம் அது, நயினார் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார். பானட்டின் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஆவி சீறியது, கீழே பச்சைத் தண்ணீர் ரோட்டில் ஓடி மண்ணில் சுருண்டது. மேல் குழாய் வாய் பிளந்திருந்தது. இன்னும் ஒரு மைல் ஓட்டியிருந்தால் எஞ்சினே வளைந்து உட்கார்ந்திருக்கும். வண்டி அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் ரோட்டோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதார். ஐம்பத்தெட்டு வயசு ஆள், நட்ட நடுப்பகல், பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "காலையில வேட்டியப் பாக்கல பிரமு. பாத்திருந்தா பச்ச தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல."

பிரமு மெதுவாக இறங்கி வந்து அவர் தலையில் கை வைத்தாள். "ஒரு நாள் பாக்காம விட்டீங்க. அதுவும் என்னய நினைச்சுக்கிட்டு. போகட்டும், எந்திரிங்க. மைதீன் தம்பிக்கு போனப் போடுங்க."

மைதீன் பிச்சை தன் மினி லாரியில் வந்து, பிரமுவை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கார் பின்னால் கயிற்றில் வந்தது, அதன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நயினார், முன்னால் போகிற லாரியின் பின்கண்ணாடி வழியே தெரிகிற மனைவியின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே போனார். சின்ன வயசில் வந்த ஒரு காய்ச்சல் இருதயத்தின் வால்வில் தங்கிவிட்டது, நாற்பது வருசமாக அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி வந்திருக்கிறது, துடிப்பு தாளம் தப்பத் தொடங்கியதுதான் எச்சரிக்கை, நேரத்தில் வந்தீர்கள் என்றார்கள். தொடையில் ஒரு ரத்தக்குழாய் வழியாகச் சின்னப் பலூனை அனுப்பி வால்வை விரித்தார்கள். ஒன்பதாம் நாள் பிரமு நடந்து வெளியே வந்தாள். மாதம் ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், மாத்திரையை விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவர்கள் ஊர் திரும்பிய மறுநாள் மைதீன் பிச்சையின் ஒர்க்‌ஷாப் முன்னால் கூட்டம் கூடியிருந்தது. வண்டி புதிய குழாயோடு நின்றது. நயினார் கூட்டத்தைப் பார்த்துப் பேசிப் பழகாதவர், பானட்டைப் பார்த்துத்தான் பேசினார்.

"நான் மாசா மாசம் இவளக் கூட்டிக்கிட்டுப் போணும். தனக்கு என்ன செய்யுதுன்னு சொல்லாத வண்டில கூட்டிப் போக எனக்குத் தைரியம் இல்ல. போர்ட மாத்தச் சொல்லப்போறேன்."

கூச்சல் எழுந்தது. என் தம்பிக்கு இன்னும் பார்க்கவில்லை என்றார் ஒருவர். மழைக்காலத்துக் காய்ச்சல் பரவிக்கொண்டிருக்கிறதே என்றாள் ஒருத்தி. பூலோகப்பாண்டி கையை உயர்த்தி, வேண்டுமானால் பிரமு மைனிக்குப் போகவர சங்கமே வேறு வண்டி ஏற்பாடு செய்யும் என்றார். அப்போது எஸ்தர் டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். இன்னும் வெளிறித்தான் இருந்தார்.

"இந்த வண்டி இல்லன்னா நான் இல்ல. அதனால நான்தான் கேக்கணும். எட்டு மாசமா நம்ம ஒவ்வொருத்தருக்கும் எங்க வலிக்குதுன்னு அது சொல்லிச்சு. அதுக்கு எங்க வலிக்குதுன்னு அண்ணாச்சியத் தவிர நம்மள்ல ஒருத்தராவது கேட்டோமா?"

பூலோகப்பாண்டி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே, "மைதீனு, மாட்டும்" என்றார்.

வேலை இரண்டு மணி நேரம் ஆயிற்று. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பழைய போர்டைக் கழற்றி எடுத்தபோது சிலர் கும்பிட்டார்கள், கீரைக்காரி கண்ணைத் துடைத்தாள். புதியதை மாட்டி, ஒயர்களைச் சொருகி, மைதீன் பிச்சை விலகிக்கொள்ள, நயினார் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எல்லா விளக்கும் ஒருசேர எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தது. அலைமேல் நிற்கிற வெப்பமானி மாதிரிப் படம் போட்ட ஒரு சிவப்பு விளக்கு மட்டும் அணையாமல் நின்றது.

"என்ன சொல்லுது? என்ன சொல்லுது?" என்று பின்னாலிருந்தவர்கள் கேட்டார்கள்.

நயினார் அதைப் பார்த்தபடி இருந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அது வாய் திறந்து கேட்ட முதல் காரியம் அது. அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னார்:

"தண்ணி கேக்குது."

குழாய் மாற்றிய பிறகு ரேடியேட்டரை நிரப்ப மறந்துவிட்டேன் என்று மைதீன் பிச்சை தலையில் அடித்துக்கொண்டு, கூலண்டோடு கலக்க ஒன்றரை லிட்டர் நல்ல தண்ணீர் இருந்தால் போதும் என்று சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்து ஓடியது. பக்கத்து டீக்கடைக்கும், அடிபம்புக்கும், பள்ளிக்கூடத்துக்கும், அவரவர் வீட்டுக்கும் ஓடியது. பூலோகப்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கால்மணி நேரத்தில் வண்டியைச் சுற்றிப் பதினேழு குடம் தண்ணீர் வந்து நின்றது.